அன்னிக்கு அந்தப் பட்டை இன்னா நெறம்

நான் சந்தேகக்காரி. மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்னைக் கொற சொல்லக் கூடாது. கடைக்காரன் சிரிச்சுப் பேசினா எடையில கை வெச்சிருக்கான்னு நெனப்பேன். எங்க வூட்டுக்காரரு ராஜேஷ் காலையில தானா எழுந்து காபி போட்டுக் குடுத்தாருன்னா, நேத்து இன்னா பண்ணிட்டு வந்தாருன்னு யோசிப்பேன். "ஆனந்தி, உன்னைப் போஸ்டாபீஸ்ல போட்டதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல போட்டிருக்கலாம்"னு அவரு சொல்வாரு. எங்க வூடு கண்ணமங்கலத்துல. வேலை மட்டும் ஜவ்வாது மலை மேல, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல. ஒரே ரூம்பு போஸ்டாபீஸ். சீல் குத்தறதும் நான் தான், தபாலைக் கொண்டு போய்க் குடுக்கறதும் நான் தான். திங்கக்கெழம காலையில மலை ஏறினா சனிக்கெழம மத்தியானம் எறங்குவேன்.

தபால் பையில தபாலோட ஒரு கேமராவும் இருக்கும். கல்யாணப் படம் எடுக்கற ஒருத்தரு புதுசு வாங்கினப்ப பழசை எனக்குத் தள்ளி வுட்டாரு. தெரு தெருவா நடக்கறது தான் என் பொழப்பு, நடக்கற வழியில கண்ணுல பட்டதை எடுப்பேன். ரோட்டுல காயப்போட்ட சாமை மேல படுத்துத் தூங்கற நாய், ஜீப்பு கூரை மேல உக்காந்து சந்தைக்குப் போறவங்க, ரேஷன் கடை வரிசையில ஆளுக்குப் பதிலா நிக்கற பையும் கல்லும், இப்பிடி. வந்த புதுசுல மலைக்காரங்களுக்கு என் மேல ஒரே சந்தேகம். ஃபாரஸ்ட்காரங்களுக்குப் படம் புடிச்சுக் குடுக்கறாளோன்னு என்னைப் பாத்ததும் வெறகுக் கட்டைத் திருப்பி வெப்பாங்க. எனக்குக் கோவமே வர்ல. நானா இருந்தாலும் அதைத் தான் நெனச்சிருப்பேன்.

வேலூர்ல எங்களுக்கு ஒரு குரூப்பு உண்டு. எல்லாரும் வேலை வெட்டிக்கு நடுவுல ஆசைக்குப் படம் எடுக்கறவங்க. புருஷோத்தமன் சார்னு ஒருத்தரு தான் அதுக்குப் பெரியவரு. அவருக்குக் கலர் படத்தைக் காட்டினா மூஞ்சைச் சுளிப்பாரு. "கலர் இருந்தா கண்ணு அலையும்மா. நீலத் துணியப் பாக்கும், மஞ்ச பேனரைப் பாக்கும், மனுசனைப் பாக்காது. கலரை எடுத்துப் போடு, மனுசன் முன்னாடி வந்து நிப்பான்"ம்பாரு. நானும் கறுப்பு வெள்ளைக்கு மாறினேன். கலர்ல எடுத்துட்டு அப்புறமா மாத்தற சோலியே வேணாம்னு கேமராவுக்குள்ளயே கறுப்பு வெள்ளை வெச்சுட்டேன். அப்பிடி வெச்சா எடுக்கும்போதே கலர் போய்டும், திரும்பி வராது. வானம் வெளுத்துப் போய் வருது சார்னு சொன்னேன். "உள்ளயே செவப்பு ஃபில்டர்னு ஒண்ணு இருக்குது, அதைப் போட்டுக்கோ, வானம் நல்லாக் கறுத்து மேகம் எழுந்து நிக்கும்"னாரு. போட்டேன், மேகம் எழுந்து நின்னுச்சு. அதோட அந்த ஃபில்டர் இருக்கறதையே மறந்து போய்ட்டேன். இந்தக் கதைக்கு அந்த மறதி தான் காரணம்.

இப்ப மரத்துக்கு வர்றேன். இந்த ஊர்ல நெலம் ஒருத்தருதா இருக்கும், அதுல நிக்கற புளியமரம் இன்னொருத்தருதா இருக்கும். பாகம் பிரிக்கும்போது மரத்தைத் தனியாப் பிரிச்சுக்குவாங்க. எது யாரு மரம்னு தெரியணுமே, அதுக்காக அடிமரத்துல ஒரு முழ அகலத்துக்குப் பெயிண்டுல பட்டை அடிச்சு வெப்பாங்க. வூட்டுக்கு ஒரு நெறம். ராஜ்குமார் வூட்டுக்குச் செவப்பு. அவரு தம்பி கோபால் வூட்டுக்கு நீலம். மாரியம்மன் கோயில் மரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. வெள்ளைப் பட்டை மரத்துல யாரும் ஒரு காய் கூட பறிக்கக் கூடாது. பத்திரம் கெடையாது, பட்டா கெடையாது, அந்தப் பட்டை தான் எல்லாம்.

ராஜ்குமார் அடிக்கற செவப்பு என் தபால் பெட்டியோட செவப்பு. வருசா வருசம் பெட்டிக்கு அடிக்க ஒரு டப்பா வரும், மிச்சத்தை அவருக்குக் குடுத்துடுவேன். அவரு பொஞ்சாதி அம்சவல்லி எனக்கு மலையில இருக்கற ஒரே சிநேகிதி. மத்தியானம் நான் சாப்டேனா இல்லியான்னு கேக்க மலையில வேற யாரு இருக்காங்க?

போன வருசம் மாசி மாசத்துல ஒரு நாள் காலையில, போஸ்டாபீசுக்கு எதுத்தாப்புல ஜீப்பு நிக்கற எடத்துல, அவங்க புளியமரத்துல சாஞ்சு ராஜ்குமார் நின்னுட்டிருந்தாரு. ரெண்டு மாசமா வயித்து வலி. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பியிருந்தாங்க. அம்சவல்லி பையோட பக்கத்துல உக்காந்திருந்தா. தோள்ல துண்டு, மடிச்சுக் கட்டின லுங்கி, வலியை வெளிய காட்டக் கூடாதுன்னு ஒரு சிரிப்பு. நான் கேமராவை எடுத்தேன். "என்னை எடுத்து இன்னா பண்ணப் போறே போஸ்டம்மா?"ன்னாரு. எடுத்துட்டேன். ஜீப்பு வந்துச்சு, ஏறினாரு. ஒம்போதாம் நாளு ஆம்புலன்ஸ்ல தான் திரும்பி வந்தாரு.

அந்தப் படத்துக்கு எங்க குரூப்பு கண்காட்சியில மொதப் பரிசு. "பாரும்மா, மனுசன் எப்பிடி முன்னாடி வந்து நிக்கறான் பாரு"ன்னு புருஷோத்தமன் சாரு எல்லாருக்கும் காட்டினாரு. பெருசாப் போட்டு, கண்ணாடி போட்டு, எங்க வூட்டுக் கூடத்துல மாட்டினேன். அம்சவல்லிக்கு ஒரு காப்பி குடுக்கணும் குடுக்கணும்னு நெனச்சேன். குடுக்கவே இல்ல. அவ அழுவாளேன்னு தள்ளிப் போட்டேன்னு சொல்லிக்குவேன். உண்மை அது இல்ல. எனக்குச் சோம்பேறித்தனம், அவ்ளோ தான்.

இந்த வருசம் தை கடைசியில அம்சவல்லி வந்து பெயிண்ட் கேட்டா. பெட்டிக்கு அடிச்சது போக மிச்சம் டப்பாவோட குடுத்தேன். கால் மணி நேரத்துல எதுத்தாப்புல சத்தம். எட்டிப் பாத்தா, அவ கையில பிரஷ்ஷு, கோபால் அந்தக் கையைப் புடிச்சிட்டிருக்கான்.

"இது என் மரம் அண்ணி. நீலம் அடிச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

"துக்கத்துல கெடந்தேன், நீ நீலம் அடிச்சதை அப்ப கேக்காம வுட்டேன். ஒரு வருசம் காயை உலுக்கிக்கினே, அதையும் கேக்கல. இப்ப மரமே உன்னுதா?"

கோபால் சொன்ன கதை இது. அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே அவனைக் கூப்ட்டு, நான் பொழைக்க மாட்டேன், மரத்தை நீ வெச்சுக்கோன்னாராம். அவரு கண்ணு முன்னாடியே பழைய செவப்பை அருவாளால செதுக்கி எறிஞ்சிட்டு நீலம் அடிச்சானாம். சுரண்டிப் பாக்கலாம்னா அடியில ஒண்ணும் இல்ல, சுத்தமாச் செதுக்கி வுட்டிருந்தான். அம்சவல்லி சொன்னது வேற. ஜீப்பு ஏறின அன்னிக்குப் பட்டை செவப்பு தான், சாவுக்கு அப்புறம் இவன் மாத்திட்டான்னா. ஊர்ல கேட்டா நாலு பேரு செவப்புன்றாங்க, நாலு பேரு நீலம்ன்றாங்க, மிச்சப் பேரு பீடி பத்த வெக்கறாங்க. தெனம் பாக்கறதை யாரு பாக்கறா? நானே தெனம் அந்த மரத்தடியில பையை எறக்கி வெக்கறவ, எனக்கே நெனப்பு இல்ல.

அவளுக்கு இருக்கறது அந்த ஒரு மரம் தான். மேட்டு நெலத்துல சாமை பாதி வருசம் வர்றதில்ல. புளி இருந்தா வருசம் பூரா அடுப்பு எரியும். இல்லாட்டி ஊரை வுட்டுச் செங்கச் சூளைக்குப் போவணும். போனவங்க எத்தினி பேரு திரும்பி வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு வர்ற தபாலை "ஆளு இல்லை"ன்னு எழுதித் திருப்பி அனுப்பறவளே நான் தானே.

ஊர்க்கவுண்டரு வந்தாரு. ஊருக்குப் பெரியவரு, பேச்சு கம்மி. ரெண்டு பேரும் சத்தியம் பண்றேன்னாங்க. "அண்ணன் தம்பி வூடு எதிரெதிரா சத்தியம் பண்ணா ஒரு வூடு வெளங்காமப் போவும். இந்த ஊர்ல அது கெடையாது"ன்னுட்டாரு. வேற சாட்சி இருந்தாக் கொண்டாங்கன்னாரு. அப்ப தான் அம்சவல்லி சடார்னு என் பக்கம் திரும்பினா.

"போஸ்டம்மா! அன்னிக்கு அவரைப் போட்டோ எடுத்தியே! பின்னால மரம் இருந்துச்சே!"

எனக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. புதன்கெழம கொண்டாறேன்னு எல்லாரு முன்னாடியும் ஜம்பமாச் சொல்லிட்டேன். கோபால் மூஞ்சி செத்துப் போச்சு. மாட்டினேடா மவனேன்னு நெனச்சேன்.

சனிக்கெழம வூட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழட்டாம கூடத்துப் படத்தைக் கையில எடுத்தேன். ஒரு வருசமா ராஜ்குமார் மூஞ்சியைத் தான் பாத்திருக்கேன், பின்னால பாத்ததே இல்ல. பின்னால பட்டை இருந்துச்சு. வெள்ளையா இருந்துச்சு. பளிச்சுன்னு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.

கறுப்பு வெள்ளைப் படத்துல செவப்பும் சாம்பலாத் தான் வரும், நீலமும் சாம்பலாத் தான் வரும், எது எதுன்னு உத்துப் பாத்துச் சொல்லிடலாம்னு நெனச்சிருந்தேன். இது ரெண்டுமே இல்லியே. மறைச்சிடலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. கண்ணாடி ஒடைஞ்சு போச்சு, படம் வீணாப் போச்சுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? ஆனா ஊரு முன்னாடி வாக்குக் குடுத்தாச்சு. கொண்டு போனேன்.

புதன்கெழம மரத்தடியில மொத்த ஊரும் கூடியிருந்துச்சு. படத்தைக் கையில வாங்கினதும் ஊர்க்கவுண்டரு மொதல்ல சொன்னது, "ராஜ்குமாரு இம்மாம் வெளுப்பா இருந்தானா?" எல்லாரும் சிரிச்சாங்க. அம்சவல்லி மட்டும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்து, "அவரு நல்ல கறுப்பு. இது யாரோ மாதிரி இருக்குது"ன்னு முணுமுணுத்தா. அதையும் நான் காதுல வாங்கல. என் கண்ணு பூராப் பட்டை மேல.

கோயில்ல வெளக்கு ஏத்தற கெழவி செல்லியம்மாள், அது முன்னாடி வந்து குனிஞ்சு பாத்துச்சு. அடுத்த நிமிசம் போட்டுச்சு பாரு ஒரு கூச்சல்.

"அடியம்மா! வெள்ளைப் பட்டைடா! இது ஆத்தாளோட மரம்டா! அண்ணனும் தம்பியும் இத்தினி வருசமா ஆத்தா புளியைத் தின்னிருக்கானுங்க! அதான் ஒருத்தன் வயிறு வெந்து போய்ட்டான்!"

அவ்ளோ தான். எல்லாரும் கன்னத்துல போட்டுக்கறாங்க, ஆளாளுக்குக் கத்தறாங்க. அம்சவல்லி தலை மேல கையை வெச்சிட்டு உக்காந்துட்டா. கோபால் மொதல்ல திருதிருன்னு முழிச்சான். அப்புறம் என் மேல பாய்ஞ்சான். "போட்டோவுல மாயம் பண்ணிக் கொண்டாந்திருக்கா! அண்ணிக்குப் பெயிண்ட் குடுக்கறவளே இவ தானே! செவப்பா மாத்தப் பாத்து, வெள்ளையா ஆயிருச்சு!"

"மாயம் பண்றவ இவ்ளோ கேவலமாவா பண்ணுவேன்? வாயக் கழுவிட்டுப் பேசு!"ன்னு நானும் கத்தினேன். ஆனா குரல்ல தெம்பு இல்ல. ஊர்க்கவுண்டரு படத்தைத் துணியில சுத்தி வெச்சாரு. அடுத்த புதன் வரைக்கும் பாப்போம், வேற ஒண்ணும் தெரியலன்னா மரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுடலாம்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு.

அன்னிக்கு என் சந்தேகம் கோபாலோட நிக்கல. அதைச் சொல்றதுக்கு இப்பவும் வெக்கமா இருக்குது. அம்சவல்லி பொய் சொல்றாளோன்னு நெனச்சேன். நெசமாவே கோயில் மரமோ? புருசனும் பொஞ்சாதியும் வெள்ளையை அழிச்சிட்டுச் செவப்பு அடிச்சாங்களோ? அதுக்குத் தான் என் கிட்டப் பெயிண்ட் வாங்கிக்கினு, சோறு போட்டு, சிநேகிதம் வெச்சிக்கினாளோ? ஒரு தடவை ஆரம்பிச்சா எனக்கு நிக்காது. அவ போட்ட ஒவ்வொரு சோத்தையும் எடுத்து எடை போட்டுப் பாத்தேன்.

வெள்ளிக்கெழம அவ போஸ்டாபீசுக்கு வந்தா. முந்தானையில கட்டி வேவிச்ச வள்ளிக்கெழங்கு கொண்டாந்திருந்தா. நான் தலையத் தூக்கல, சீல் குத்திக்கினே இருந்தேன்.

"போஸ்டம்மா, ஊரு நம்பாட்டிப் போவுது. நீ நம்பறியா?"

டக்கு டக்குன்னு இன்னும் நாலு தபாலுக்குச் சீல் குத்தினேன். அதுல ஒண்ணுக்கு ஏற்கெனவே குத்தியிருந்தேன். அவ கெழங்கை மேசை மேல வெச்சிட்டுப் போய்ட்டா. நான் அதைத் தொடல.

ஞாயித்துக்கெழம காலையில வூட்டுல ராஜேஷோட கம்ப்யூட்டரைத் தொறந்து, ராஜ்குமார் ஜீப்பு ஏறின அன்னிக்கு எடுத்த படத்தையெல்லாம் வரிசையாப் போட்டுப் பாத்தேன். அம்சவல்லி பொய்யைக் கண்டுபுடிக்கணும்னு தான் தேடினேன், அவளைக் காப்பாத்த இல்ல. ஜீப்பு இருந்துச்சு, நாய் இருந்துச்சு. அப்புறம் எங்க போஸ்டாபீஸ் செவுரு. ராஜேஷ் காபி டம்ளரோட பின்னால வந்து நின்னாரு.

"இன்னாடி, தபால் பெட்டிக்கு வெள்ளை அடிச்சிட்டே? மேலதிகாரி பாத்தா வேலை போய்டும்."

"வெள்ளையா? செவப்பு தான் அடிச்சே..."

பாத்தேன். பெட்டி வெள்ளையா இருந்துச்சு. பளிச்சுன்னு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. நான் என் கையால செவப்பு அடிச்ச பெட்டி. அதே டப்பாவுல மிச்சம் இருந்ததைத் தான் ராஜ்குமாருக்குக் குடுத்தேன்.

புருஷோத்தமன் சாருக்கு போன் போட்டேன். "ஆமாம்மா, செவப்பு ஃபில்டர் போட்டா செவப்பு வெளுத்துடும், நீலம் கறுத்துடும். அதனால தானே வானம் கறுக்குது. மூஞ்சி கூட வெளுக்கும். தெரியாமலா இவ்ளோ நாள் போட்டிருந்தே?"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அவரை நாலு கேட்டிருப்பேன். ஆனா கேக்க வேண்டியது அவரை இல்ல. செவப்பு ஃபில்டர் போட்டவளும் நான் தான், அம்சவல்லி கேட்டப்ப சீல் குத்தினவளும் நான் தான். ச்சீ, இன்னா ஜென்மம் நான்.

அடுத்த புதன்கெழம செல்லியம்மாள் சுண்ணாம்பு வாளியோடயே வந்திருந்துச்சு. நான் கேமராவை எடுத்து நேராக் கோபால் கையில குடுத்தேன்.

"நான் எடுத்தா மாயம்னு சொல்லுவே. நீயே எடு. அதோ தபால் பெட்டி. இன்னா நெறம்?"

"செவப்பு."

அம்சவல்லி வூட்டு நீல பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டாரச் சொல்லிப் பெட்டிக்குக் கீழ வெச்சேன். "இது?"

"நீலம். இன்னா வெளயாட்டுக் காட்டறே?"

"ரெண்டையும் சேத்து எடு. அந்தப் பட்டனை அழுத்து. அன்னிக்கு எப்பிடி வெச்சிருந்தேனோ அப்பிடியே தான் இருக்குது கேமரா, ஒண்ணையும் மாத்தல."

அழுத்தினான். படம் கேமராவுக்குப் பின்னால இருக்கற கண்ணாடியில வந்துச்சு. பாத்தான், பாத்துக்கினே இருந்தான். வாய் கூசாமப் பொய் சொல்லிட்டு எதையாவது அமுக்கி அழிச்சிடுவானோன்னு ரெண்டு அடி கிட்டப் போனேன். அதுக்குள்ள ஊர்க்கவுண்டரு அவன் கையில இருந்து வாங்கிட்டாரு. பெட்டியைப் பாத்தாரு, கேமராவைப் பாத்தாரு. திரும்பியும் பெட்டியைப் பாத்தாரு.

"பெட்டி வெள்ளையா வந்திருக்குது. குடம் கறுப்பா வந்திருக்குது."

கேமரா கை மாறிக் கை மாறி ஊரு பூராச் சுத்துச்சு. "அட, ஆமா!" "எங்க, எனுக்குக் காட்டு!" "அதான் ராஜ்குமாரு வெளுத்துப் போய்ட்டானா!" நான் எடுத்த ஒரு படத்தைக் கூட இந்த ஊரு இப்பிடி முண்டியடிச்சுப் பாத்தது கெடையாது.

"நீலம் இருந்திருந்தா கறுப்பாத் தான் வந்திருக்கும்"னேன். "அன்னிக்கு மரத்துல நீலம் இல்ல. கோபால் சொன்னது பொய்."

அம்சவல்லி எழுந்து நின்னா. எல்லாம் முடிஞ்சுதுன்னு நான் மூச்சு வுடறதுக்குள்ள செல்லியம்மாள் வாளியை டொங்குன்னு கீழ வெச்சுச்சு.

"அது சரி. செவப்பு வெள்ளையா வருது. சுண்ணாம்பு இன்னாவா வரும்?"

வெள்ளை வெள்ளையாத் தான் வரும். அன்னிக்குப் பட்டை செவப்பா இருந்திருக்கலாம், சுண்ணாம்பாவும் இருந்திருக்கலாம். இதை நான் யோசிக்கவே இல்ல. ஊரையே சந்தேகப்பட்டவ, ஒரு கெழவிக்குத் தோணினது எனக்குத் தோணல.

அப்புறம் ஊர்க்கவுண்டரு கோபாலைக் கூப்ட்டாரு. "பட்டையைச் செதுக்கினவன் நீ. செதுக்கும்போது அதுல இருந்த நெறம் உனக்குத் தான் தெரியும். நீலம் இல்லேன்னு ஆயிடுச்சு, மரம் உனக்குக் கெடையாது. சுண்ணாம்பா இருந்துச்சுன்னா ஆத்தாளுக்கு, செவப்பா இருந்துச்சுன்னா உங்க அண்ணிக்கு. சொல்லு."

"அண்ணிக்கு எதிரா சத்தியம் கெடையாதுன்னீங்களே?"

"இது அண்ணிக்கு எதிரா இல்ல. ஆத்தாளுக்குப் பங்கு இருக்குதா இல்லியான்னு அவ கிட்டயே சொல்றது. செல்லி, கற்பூரத்தை ஏத்து."

சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்துல ஒரு கல்லு மேல கற்பூரம் எரிஞ்சுது. எனக்கு நம்பிக்கை சுத்தமாப் போச்சு. தனக்குக் கெடைக்காத மரம் அண்ணிக்கும் கெடைக்கக் கூடாதுன்னு சுண்ணாம்புன்னு சொல்லிடுவான், ஒரே வார்த்தை, அவனுக்கு இன்னா நஷ்டம்? அப்பிடித் தான் செய்வான்னு நான் எழுதியே குடுத்திருப்பேன். அம்சவல்லி மரத்துல கைய வெச்சிட்டு நின்னா. ராஜ்குமார் சாஞ்ச எடம்.

கோபால் கற்பூரத்துக்கு மேல கையை நீட்டினான். அணைக்கல.

"செவப்பு தான்"னான். "சாவுக்குப் பதினாறாம் நாளு நான் தான் செதுக்கினேன். அண்ணன் எதையும் எனக்குக் குடுக்கல. அண்ணி கிட்டப் பொய் சொன்னேன், ஊரு கிட்டச் சொன்னேன். சாமிக்கு இல்லாததைச் சாமிக்குன்னு சொல்ல என்னால ஆவாது."

செல்லியம்மாள் வாளியைத் தூக்கிக்கினு நடந்துச்சு. ஊர்க்கவுண்டரு துணியில சுத்தியிருந்த படத்தை எடுத்து அம்சவல்லி கையில குடுத்தாரு. கூட்டம் கலைய ஆரம்பிச்சுது. கோபால் தலையைத் தொங்கப் போட்டுக்கினு வூட்டுப் பக்கம் நடந்தான்.

நான் அவ கிட்டப் போய் நின்னேன். "அம்சா, வெள்ளிக்கெழம நீ கேட்டப்ப..."

"தெரியும். சீல் குத்தினே."

"நம்பல அன்னிக்கு. மன்னிச்சுக்கோ."

அவ படத்தைத் திருப்பிப் பின்பக்கம் அட்டையை என் கிட்ட நீட்டினா. "பேனா வெச்சிருக்கியா? எழுது. இவரு போட்டோ இது ஒண்ணு தான் இருக்குது, அதுலயும் எதுவும் அதுவா இல்ல. நான் செத்ததுக்கு அப்புறம் யாரு சொல்லுவா? பட்டை செவப்பு. எழுதினியா?"

எழுதினேன்.

"துண்டு செவப்பு. அதுவும் வெளுத்துப் போச்சு பாரு, நீ போட்ட கருமத்துல. சட்டை சந்தனக் கலர். மேல் பாக்கெட்டுக் கிட்ட வெத்தலைக் கறை. ஆளு நல்ல கறுப்பு. ‘நல்ல’ன்னு எழுது. லுங்கி..."

நிறுத்திட்டா. கண்ணை மூடினா, தொறந்தா. படத்தைத் திருப்பி லுங்கியைப் பாத்தா. அதுல சாம்பல் தான் இருந்துச்சு. அன்னிக்கு அந்தக் கேமராவுக்குள்ள கலரை வுட்டு வெச்சிருந்தா, இன்னிக்கு அவ இப்பிடி நிக்க வேணாம். கலர் இருந்தா கண்ணு அலையும்னு சொன்னவரை அப்ப என் முன்னாடி நிறுத்தினா இன்னா பண்ணியிருப்பேனோ தெரியாது.

"மறந்து போச்சு போஸ்டம்மா"ன்னா. இந்தச் சண்டை ஆரம்பிச்சதுல இருந்து அன்னிக்குத் தான் அவ மொதத் தடவை அழுதா. மரம் போச்சுன்னப்ப கூட அழல. அப்புறம் முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சிட்டு, ரோட்டைப் பாத்துக் கத்தினா.

"கொழுந்தனாரே! ஜீப்பு ஏறின அன்னிக்கு உங்க அண்ணன் கட்டியிருந்த லுங்கி இன்னா நெறம்?"

கோபால் நின்னான். திரும்பல.

"பச்சை"ன்னான். "என்னுது. ஆஸ்பத்திரிக்குன்னு நான் தான் குடுத்தேன்."

அம்சவல்லி என்னைப் பாத்தா. நான் பச்சைன்னு எழுதினேன்.